நீல நூல் கட்டிய செருப்பு

நோர்வேக்காரரின் வீட்டுக்குள் சப்பாத்தோடு கால் வைத்துப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். குழாய் திருத்த வருகிறவர்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில், வருகிறவர்கள் சப்பாத்துக்கு மேலே மாட்டுவதற்கென்றே நீலப் பொலித்தீன் உறைகளை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள், பனியும் சேறும் ஒட்டிய சப்பாத்தோடு தேவாலயத்துக்குள் நேராக நடந்துபோய் வாங்கில் உட்காருகிறார்கள். மனிதரின் வீட்டுக்கு வெறுங்கால், கடவுளின் வீட்டுக்குச் சப்பாத்து. வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. நான் இயல்பிலேயே கோபக்காரி.

நான் கழற்றுவேன். ஆனால் அண்மைவரை வாசலில் விட்டதில்லை. ஒரு கடைப்பைக்குள் போட்டு, வாயை முடிந்து, ஆராதனை முடியும்வரை மடியில் வைத்திருப்பேன். தேவாலயத்தில் பணி செய்கிற கிர்ஸ்டி என்ற பெண்மணி முதல் மாதமே என்னிடம் வந்து, “இங்கே யாரும் சப்பாத்துத் திருடுவதில்லை” என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். பிறகு எனக்குக் கால் நோவு என்று தானே முடிவுசெய்து, வைத்தியரிடம் கூட்டிப்போகவா என்று கேட்டார். குளிர்காலம் வந்ததும் தன் கையால் பின்னிய கம்பளிக் காலுறை ஒரு சோடி தந்தார். “தக்” என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். முதியவர்களைக் குளிப்பாட்டவும் சாப்பிட வைக்கவும் வேண்டிய அளவு நோர்வே மொழி என்னிடம் இருக்கிறது. சப்பாத்து ஏன் மடியில் இருந்தது என்று சொல்ல அது போதவில்லை. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

ஊரின் பெயரை எழுதமாட்டேன், இன்றைக்கும் அங்கே கூடுகிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் கேட்கிற தூரம், அவ்வளவு தெரிந்தால் போதும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. அப்பா இல்லாத குடும்பத்தில், கடலுக்குப் போய் வந்த நேரம் தவிர மிச்ச நேரமெல்லாம் அண்ணா கல்லரிந்து, சுவர் வைத்து எனக்கொரு சீதன வீடு கட்டினார். கலியாணத்துக்குப் பிறகு அம்மாவும் வழக்கப்படி என்னோடுதான் இருந்தார். என் கணவருக்குத் துறைமுகத்தில் சுமை இறக்குகிற வேலை, மாலையில் குடி. ஒருநாள் யாரோ அவரை நகரத்தில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். குடி நின்றது. இது என்ன புது நடிப்பு என்று உளவு பார்க்கத்தான் நானும் பின்னால் போனேன். போனவள் திரும்பவில்லை. என்னை யாரும் இழுக்கவில்லை, யாரும் எதுவும் தரவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்காக ஒருவர் அழுது மன்றாடுவதைக் கேட்டேன், அங்கேயே இருந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டோம். ஞாயிறு காலையில் இருபது பேர் வருவார்கள், பாஸ்டர் நகரத்திலிருந்து சைக்கிளில் வருவார். செய்தி தெரிந்த வாரமே அண்ணா வந்து அம்மாவின் கையைப் பிடித்து, மூன்று ஒழுங்கை தள்ளியிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். “நான் கட்டின வீட்டில வைச்சு என்ர அம்மாவை மாத்த விடமாட்டன்” என்றார். அம்மா என்னைப் பார்க்கக்கூடாது, நான் அந்தப் பக்கம் போகக்கூடாது. அண்ணாவின் மனம் எரிந்ததை இன்று என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அன்று அவர்மீது எனக்கு வெறுப்பு மட்டும்தான் இருந்தது.

முதலில் கல். தகரத்தில் கல் விழும்போது உள்ளே இருக்கிறவரின் பல்லெல்லாம் கூசும். பிறகு பாஸ்டரின் சைக்கிள் ரயர்களை வெட்டினார்கள். பிறகு எங்கள் கிணற்றுக்குள் செத்த நாயைப் போட்டார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் வெளியூர் ஆட்களல்லர், என் கலியாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். அவர்களுக்கு நாங்கள் கூடியிருப்பது எப்படித் தெரியுமென்றால், செருப்பால்தான். தேவசமூகத்துக்குச் செருப்போடு போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. கொட்டில் வாசலில் நாற்பது செருப்பும் வரிசையாகக் கிடக்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்து, எண்ணி, சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அரை மணித்தியாலத்தில் கல் வரும்.

அதனால் பாஸ்டர் ஒரு ஒழுங்கு வைத்தார். வாசலில் கழற்றுங்கள், பைக்குள் போட்டு உள்ளே கொண்டுவாருங்கள், மடியில் வையுங்கள். பாட்டு இனி உதட்டால் மட்டும். கைதட்டுவதற்குப் பதிலாக ஒரு விரலால் உள்ளங்கையைத் தட்டுவோம். இருபது பேர் வாயசைத்துப் பாடுகிற பாட்டில் யாரும் பிந்துவதுமில்லை, முந்துவதுமில்லை. கடைசியாக வாசலைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவது என் பொறுப்பு. ஒன்பது வாரம் கல் விழவில்லை.

பத்தாவது வாரம் அம்மா வந்தார். அண்ணா கடலால் வர முந்தி, ஒழுங்கைகளைச் சுற்றி, தனியாக நடந்து வந்து கொட்டில் வாசலில் நின்றார். ஒரு வருடத்துக்கு மேல் நான் காணாத முகம். நான் எழுந்து ஓடிப்போய்ப் பிடித்து, என் பக்கத்தில் பாயில் இருத்தினேன். “நான் உங்கட சாமியைக் கும்பிட வரேல்ல பிள்ளை. உன்னைப் பாக்க வந்தனான்” என்று காதுக்குள் சொன்னார். அந்தச் சந்தோசத்தில் நான் வாசலைப் பார்க்காமலே கதவைச் சாத்திவிட்டேன். கோயிலுக்குப் போகிற மாதிரியே செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. வலது செருப்பின் வார் அறுந்து, அதை அண்ணா நீல வலைநூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்திருந்தார். வீடு திரும்பி அம்மாவைக் காணாமல் தேடிக்கொண்டு வந்த அண்ணா, என் கொட்டில் வாசலில் கண்டது தன் கையால் போட்ட முடிச்சை.

கதவு உடைந்து விழுந்தது. அண்ணாவோடு ஆறேழு பேர், பொல்லுத்தடியும் இரும்பு அலவாங்கும். முதல் அடி பாஸ்டருக்கு, நெற்றி பிளந்து இரத்தம் வேதபுத்தகத்தில் கொட்டியது. ஒருவன் புத்தகங்களை அள்ளி வெளியே குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினான். பெண்களைத் தலைமயிரில் பிடித்து இழுத்தார்கள். என் கணவர் நிலத்தில் விழுந்து கையை ஊன்றி எழும்ப முயன்றபோது, ஒருவன் அலவாங்கால் அந்தக் கையில் குத்தினான். எலும்பு நொறுங்கிய சத்தத்தை நான் கேட்டேன். அவர் கத்தவில்லை, “ஆண்டவரே, இவையளை மன்னியும்” என்றார். எனக்கு அந்த நேரத்தில் மன்னிப்பு வரவில்லை. பாஸ்டர் இருந்த கதிரையைத் தூக்கி ஒருவனின் முதுகில் அடித்தேன், இன்னும் அடிக்க ஆசையாக இருந்தது. அண்ணா என்னைத் தாண்டிப்போய் என் கணவரின் தலைக்குப் பொல்லை ஓங்கினார். அம்மா குறுக்கே விழுந்தார். அடி அம்மாவின் இடது காதோடு பட்டது.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். அண்ணா பொல்லைப் போட்டுவிட்டு மண்ணில் குந்தி, அம்மாவின் தலையைத் தன் மடியில் எடுத்து, “அம்மா, அம்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஓடினார்கள். தினமும் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிற பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலால் வந்து, பெண்களையெல்லாம் தன் குசினிக்குள் விட்டுப் பூட்டி, ஓட்டோ பிடித்துத் தந்தார். அண்ணா அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். இரண்டு பேரும் வெறுங்கால்.

பொலிஸிலிருந்து வந்த அதிகாரி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அடித்தது யார் என்று கேட்டார். “நான்தான் தடக்கி விழுந்தனான்” என்றார் அம்மா. என் விரலை நெரித்துக்கொண்டிருந்தார். அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, இனி அங்கே கூட்டம் நடத்தமாட்டேன் என்று கையெழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் வழக்குத்தான், அண்ணா உள்ளே போவார், அம்மா நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். நான் கையெழுத்து வைத்தேன். பாஸ்டர் நெற்றியில் பன்னிரண்டு தையலோடு அடுத்த அறையில் கிடந்தார், நான் கையெழுத்து வைத்தேன். என் கணவர் கட்டுப்போட்ட கையோடு கேட்டுவிட்டு, “நீ வீட்டுக்குத்தான் வைச்சனீ. எனக்கு வைக்கேல்ல” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

கூட்டம் தங்கம் அக்கா என்ற கைம்பெண்ணின் குடிலுக்கு மாறியது. என் கணவர் போனார், நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? இரண்டு தடவை அவரை வழியில் மறித்து அடித்தார்கள். மூன்றாவது தடவை, நாங்கள் வெளியே போயிருந்த ஒரு பகலில், அண்ணா கட்டிய வீட்டுக்கே நெருப்பு வைத்தார்கள். அண்ணா ஓடிவந்து தண்ணீர் ஊற்றியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதோடு நாங்கள் நாட்டை விட்டோம். இங்கே யாரும் அடிப்பதில்லை. பனியில் வழுக்காமல் போய்ச் சேர்ந்தால் தேவாலயம் வெறுமையாகக் கிடக்கிறது, எட்டுப்பேர், ஒன்பதுபேர். கதவு திறந்தே கிடக்கிறது, வருவதற்குத்தான் ஆளில்லை. அடிவாங்கியும் தங்கம் அக்காவின் குடிலில் நெரிந்துகொண்டு இருந்தவர்களை நினைத்தால், சுகமாக வாங்கில் இருக்கிற எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை தங்கம் அக்கா ஒரு படம் அனுப்பினார். குடில் வாசல். செருப்புகள். பைக்குள் அல்ல, வெளியே, வரிசையாக, வெயிலில். நான் பதறிப்போய் அழைத்தேன்.

“என்னக்கா இது? செருப்பை ஏன் வெளியில விட்டனீங்கள்?”

“இப்ப வெளியிலதான் விடுறனாங்கள். வடிவாப் பாருங்கோ, முன்னுக்குக் கிடக்கிறது ஆருடைய எண்டு.”

பெரிதாக்கிப் பார்த்தேன். புதுச் செருப்பு. வார் அறுந்திருக்கவில்லை. ஆனால் வலது செருப்பின் வாரில் நீல நூல் சுற்றி முடிந்திருந்தது. போனை அம்மாவிடம் கொடுத்தார்கள். இடது காது இப்போது கேட்காது, வலது காதுக்கு மாற்றிப் பிடிக்கும்வரை காத்திருந்தேன்.

“அம்மா, நீங்கள் ஏன் அங்க போறீங்கள்? திரும்ப அடிப்பாங்கள்.”

“அடிக்கமாட்டாங்கள். என்ர செருப்பு வாசல்ல கிடந்தா உன்ர அண்ணன் ஒருத்தரையும் கிட்ட விடமாட்டான். ஆறு ஞாயிறாக் கல் விழேல்ல.”

“நீங்கள் ஜெபிக்கிறனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை, சும்மா இருக்கிறன். இவையள் வாயை மட்டும் அசைச்சுக்கொண்டு இருந்திச்சினம், எனக்கு விளங்கேல்ல. எனக்கும் கேக்கட்டும், சத்தமாப் பாடுங்கோ எண்டனான்.”

“நூல்?”

“புதுசு வாங்கினவுடன அவனிட்டக் குடுத்து, பழையதில கட்டின மாதிரிக் கட்டித் தா எண்டு கேட்டனான். அறுகேல்லயே, ஏன் எண்டான். அடையாளத்துக்கு எண்டனான். போய் வலைநூல் எடுத்துக்கொண்டு வந்தான். பிறகு கட்டித் தந்தான்.”

தாளில் கையெழுத்து வைத்தவள் நான். அந்த வாசலில் காவலாக இருக்கவேண்டியவளும் நான்தான். என்னுடைய இடத்தில், எங்கள் ஆண்டவரை நம்பாத என் அம்மா உட்கார்ந்திருக்கிறார். போனுக்குப் பின்னால் அவர்கள் வாய்விட்டுப் பாடுவது கேட்டது, நான் குசினிச் சுவரில் சாய்ந்து அழுதேன்.

அன்று தேவாலயத்துக்குப் போனபோது பை கொண்டுபோகவில்லை. சப்பாத்தைக் கழற்றி, வாசற்படியில், பனி தட்டிய கல்லின்மேல் வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். முதல் பாட்டு முடியுமுன் கிர்ஸ்டி இரண்டு கையிலும் என் சப்பாத்தை ஏந்திக்கொண்டு வந்தார். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். பனித்தூளைத் தன் பாவாடையில் துடைத்து, சூடு வருகிற குழாயின் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எழுந்து, அவர் பின்னித் தந்த காலுறையோடு நடந்துபோய், சப்பாத்தை எடுத்துத் திரும்ப வெளியே கொண்டுபோய் வைத்தேன். அந்த நீளமான படியில் என்னுடையது ஒன்றுதான் கிடந்தது. மற்றவை எல்லாம் தங்கம் அக்காவின் வாசலில் கிடந்தன.