வேளாங்கண்ணியில் மூன்று நாள்

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் அந்த ஊரின் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர்களுக்கு அது 'வைலங்கண்ணி'. என் மனைவிக்கு, மாதா கன்னி அல்லவா, அதனால் 'வேளாங்கன்னி'. நான் தமிழ் வாத்தியார், சும்மா இருப்பேனா? அவள் சோறு போட்டுக்கொண்டே ஏதாவது சொன்னால், 'கண்ணி, கண்ணி' என்று திருத்துவேன். அவள் குழம்பை ஊற்றுவாள்.

தொண்ணூற்றொன்றில் தண்ணீருக்காகத் தமிழர்களை அடித்த கலவரத்தின்போது, தமிழன் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து பஸ்ஸில் ஊமை மாதிரி உட்கார்ந்து வந்தவன் நான். வெளியே காட்ட முடியாத வீரத்தை வீட்டில் பெண்டாட்டியிடம் காட்டினேன், அவ்வளவுதான்.

நாலு வருஷம் கழித்து எங்கள் ஒரே மகளுக்கு இதயத்தில் ஓட்டை என்றார்கள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது என் மனைவி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். மகளின் உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். மகளால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் வர முடியாது. பள்ளி லீவில் நான் மட்டும் போவதாக முடிவானது. கிளம்பும் நாள் காலையில் அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை வெள்ளை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு என் சட்டைப் பையில் வைத்தாள் என் மனைவி. மகளுக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்து நெளிந்து சிரித்தாள்.

எனக்கு அந்தப் பயணத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் கோயில் தமிழ்ச் சங்கத்தார் திருவிழா மலருக்கு, அந்த ஊரின் பெயர் எப்படி வந்தது என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாளும் நோட்டுப் புத்தகத்தோடு அலைந்தேன். வேளாளர்களின் காணி என்றார் லாட்ஜ்காரர். வேல் போன்ற கண்ணுடையவள் என்று ஒரு பழைய அம்மன் பெயர், அதுதான் என்றார் இன்னொருவர். மீன் விற்கிற பெண்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து எழுதிக்கொண்டேன். பைத்தியம் என்று சிரித்தார்கள். கோயிலுக்கு நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே தள்ளினேன். கடைசி நாள் ஒரு கருவாட்டுக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். பேச்சு ருசியில் பஸ் நேரம் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினேன். திருவாரூர் தாண்டிய பிறகுதான் கை சட்டைப் பைக்குப் போனது. நூல் அப்படியே இருந்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். நான் இறங்கவில்லை.

வீட்டு வாசலிலேயே என் மனைவி கேட்டாள். ஏற்றியாச்சு என்றேன். சிலுவை போட்டுக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து மூன்று பேருமாகப் போகும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அந்த நாள் வரவே இல்லை. குறித்த தேதிக்கு ஒன்பது நாள் முன்னால், காய்ச்சலில் மகள் போய்விட்டாள்.

மலர் செப்டம்பரில் வந்தது. கட்டுரை பிரமாதம் என்று எங்கள் கோயில் பங்குச் சாமியார் என் தோளைத் தட்டினார். நான் பிரதியை வீட்டில் மேசைமேல் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் என் மனைவி அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். என் எழுத்தை அவள் அதுவரை படித்ததே இல்லை. முன்னுரையில் பெருமையாக ஒரு வரி எழுதியிருந்தேன்: 'பெயரின் வேரைத் தேடிய அந்த மூன்று நாளில் கோயிலுக்குள் காலடி வைக்கக்கூட எனக்கு நேரமில்லை.' எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. தன் வினை தன்னைச் சுடும் என்று வகுப்பில் எத்தனை தடவை விளக்கியிருக்கிறேன்.

"அப்போ மெழுகுவத்தி?" என்றாள்.

அவள் அழுதிருந்தால், என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மலரை மூடி மேசைமேல் வைத்தாள்.

"பாப்பா போனப்போகூட, மாதாவுக்குச் சொன்னதை நாம செஞ்சிட்டோம்னுதாங்க மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன்" என்றாள். "இப்போ அதுவும் இல்ல."