தகரத்துக்குக் கிடைத்த பேரீச்சம்பழம்

சானடோரியம் பக்கம் அப்பாவுக்கு ஒரு டிங்கரிங் ஷெட் இருந்தது. நான் நான்காவது படிக்கும்போது, சிட்லபாக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் பழைய சிவப்புக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். அவர் ஸ்போர்ட்ஸ் கார் என்றார், எங்களுக்கு அது ரேஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. என்னைக் கேட்டால், தரையும் கிடையாது. ஓட்டுகிறவர் கால் வைக்கும் தகரம் துருப்பிடித்து, ஓட்டை வழியே மண் தெரிந்தது. அதில் காலை விட்டுத் தரையை உதைத்து உதைத்து, நின்ற இடத்திலேயே நான் ஊரெல்லாம் போய் வந்தேன்.

கார் அவருடைய மகனுடையது. மகன் இறந்துவிட்டான். ஓட்ட ஆளில்லாமல் அதை விற்கப் போகிறார் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"பழைய தகரத்த எடுத்து வைப்பா," என்றார் வாத்தியார் போகும்போது.

அப்பா முகம் சுண்டிப்போனது. புதுத் தகரம் போடாமல் பெயின்ட் அடித்து ஏமாற்றிவிடுவோம் என்று நினைப்பவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். துருத் தகரத்தை வெட்டியெடுத்த அன்று, எதிர் டீக்கடைக்காரரை அழைத்துப் பழையதையும் புதியதையும் காட்டினார். "கேட்டா நீதான் சாட்சி." பிறகு வழக்கம்போலப் பழைய இரும்பு வண்டிக்காரரிடம் அதைப் போட்டுவிட்டு, எனக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தந்தார்.

வாத்தியார் வந்து புதுத் தரையைப் பார்த்தார். "பழசு எங்கப்பா?"

"டீக்கடைல கேளு சார். மொத்தமா மாத்திருக்கேன்."

"நான் பாத்தேன் சார்," என்றார் டீக்கடைக்காரர். "பழசு அப்பளம் மாரி இருந்துச்சு. ஒதச்சா பூடும்."

"சந்தேகம் இல்லப்பா. அவன் குதிகால் வச்சு வச்சு அதுல ஒரு பள்ளம் இருந்தது. அத மட்டும் வச்சுக்கலாம்னு பார்த்தேன்."

அப்பா சைக்கிளை எடுத்தார். பம்மல் வரை பழைய இரும்புக் கடைகளைக் கிளறிவிட்டு, சட்டையெல்லாம் துருவோடு சாயங்காலம் வெறுங்கையாகத் திரும்பினார். வாத்தியார் அதுவரை ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

பாவமாக இருந்தது. மீதிப் பழத்தை நீட்டினேன். "உங்க தகரத்துக்குக் குடுத்தது சார்."

ஒன்றை எடுத்து நெடுநேரம் மென்றார். கொட்டையைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நட்டா மொளைக்காது சார். நான் நட்டுப் பாத்துட்டேன்," என்றேன்.

அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்தார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நான் உண்மையைத்தான் சொன்னேன்.