ஒன்பது நாள் கோளாறு

பெண் பார்க்கப் போகிறவர்கள் திரும்பும்போது சொல்வதற்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது. "ஊருக்குப் போயி, கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றோம்." சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. கும்பிட்டுவிட்டுக் கிளம்ப உதவும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு – சொன்ன கையோடு கிளம்பிவிட வேண்டும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதைச் சொன்னோம். கிளம்ப முடியவில்லை.

நாங்கள் என்றால் என் அக்கா, அவளுடைய மகன் அருண், அவன் சித்தியான நான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அருண் வாங்கி மூன்று மாதம் நிறையாத ஆட்டோமேட்டிக் காரில் போயிருந்தோம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க அக்கா இன்னும் அனுமதி தரவில்லை.

பெண்ணை வைதேகி என்று வைத்துக்கொள்வோம். வ. புதுப்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். அப்பா ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். இதற்கு முன் இரண்டு குடும்பங்கள் வந்து பார்த்துப் போனதையும், இரண்டுமே நின்றுபோனதையும் அவரே எங்களிடம் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த முறை தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

விடைபெற்றுக்கொண்டு வாசலுக்கு வந்தோம். நாங்கள் ஏறுவதற்கு வசதியாக அருண் வண்டியை அந்தக் குறுகிய தெருவில் குறுக்காகத் திருப்பி நிறுத்தி, அணைத்துவிட்டு, மரியாதைக்கு இறங்கி நின்று கும்பிட்டான். மறுபடி ஏறி, பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினான். திரை ஒளிர்ந்தது. பாட்டுகூடப் பாடியது. எஞ்சின் மட்டும் அசையவில்லை.

பத்து நிமிடத்தில் தெரு நிறைந்துவிட்டது. இரண்டு பைக், ஒரு லோடு ஆட்டோ, மாடிகளில் தலைகள்.

"தள்ளிப் பாருங்கப்பா" என்றார் லோடு ஆட்டோக்காரர்.

"தள்ள முடியாதுண்ணே. கியர் லாக் ஆயிருச்சு" என்றான் அருண்.

"புது வண்டிங்கீங்க... தள்ளக்கூட முடியலன்னா அது என்ன வண்டி?"

எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்தே கேட்டார்: "என்ன எஸ்.ஐ. சார், பொண்ணு பாக்க வந்தவியளா?"

"வந்தவியதான்" என்றார் வைதேகியின் அப்பா. "போக முடியாம நிக்காவ."

அருண் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளன். நாள் முழுவதும் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுகிறவன். தன் காரின் பானெட்டைத் திறந்து, உள்ளே மூடியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூடிவிட்டான். அடுத்த தெரு மெக்கானிக் ஒருவர் கையில் ஸ்பேனரோடு தாமாகவே வந்தார்.

"தொட்றாதீங்கண்ணே... வாரண்டி போயிரும்."

"அப்பச் சரி தம்பி. வாரண்டியவே வந்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கம்பெனியின் சர்வீஸ் வண்டி மதுரையிலிருந்து வர வேண்டும். இரண்டரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

பஸ்ஸில் போய்விடலாமே என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "பொண்ணு வீட்டு வாசல்ல புதுக் காரப் போட்டுட்டு பஸ் ஏறுனா நல்லாவா இருக்கும்டி?"

திரும்பவும் உள்ளே போனோம். நாங்கள் குடித்த காபி டம்ளர்களை இன்னும் எடுத்திருக்கவில்லை. அதே நாற்காலிகளில் உட்கார்ந்தோம். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது. காட்ட வேண்டியதையெல்லாம் காட்டியாகிவிட்டது. இனி என்ன பேசுவது?

அக்கா பேசினாள். என் காதில்தான் சொன்னாள். ஆனால் ரகசியம் பேசுகிற குரல் அவளுக்கு வாய்க்கவில்லை. "மொத மொதல்ல வந்த எடம். வாசல்லயே வண்டி நின்னுருச்சு. எனக்கு என்னமோ மனசுக்குச் சரியாப் படல."

அடுப்படி வாசலில் வைதேகியின் அம்மா அப்படியே நின்றார். ஜன்னலோரம் நின்ற அருண் காதிலும் விழுந்தது. அவன் போனைப் பார்த்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவர்களுக்கு அது ஒரு வசதி.

அக்காவின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரிந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர்களின் கார் வாசலிலேயே நின்றது, அதோடு சம்பந்தமும் நின்றது என்றால், தெரு முழுக்கப் பார்த்த இந்தக் கதை அந்தப் பெண்ணை எங்கெல்லாம் துரத்தும்? காருக்கு வாரண்டி இருந்தது. ராசி இல்லாதவள் என்று பேர் வாங்கும் பெண்ணுக்கு எந்தக் கம்பெனி தருகிறது?

மணி ஒன்று. சாப்பிடக் கூப்பிட்டார்கள். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா அசையவில்லை. "பசிக்கல. ஒண்ணும் வேண்டாம்" என்றாள். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

வைதேகி வந்தாள். பட்டுச்சேலையை மாற்றிவிட்டுச் சுடிதாரில் இருந்தாள்.

"காலைல சுகர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்... ஒனக்கு யாரு சொன்னா சுகருன்னு?"

"மொகத்தப் பாத்தாலே தெரியுது. மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கப்படாது." சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கை நனைக்கத்தான கூடாது? ஸ்பூன் தாரேன்."

அவள் அப்பா சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா இரண்டு ஸ்பூன் தயிர்சாதம் சாப்பிட்டாள். பிறகு தட்டு முழுவதையும் சாப்பிட்டாள். ஆனாலும் ராசி வேறு, தயிர்சாதம் வேறு. கை கழுவும் வேலை இல்லாமல் எழுந்தவள் மறுபடியும் என் காதருகே வந்து, "பிள்ள நல்ல பிள்ளதான். ஆனா வண்டி நின்னுருச்சே..." என்றாள்.

இரண்டு மணிக்குச் சர்வீஸ் வண்டி வந்தது. அதில் வந்தவர் ஒரு சிறிய கருவியைக் காரில் சொருகிப் படித்தார். பிரேக் பெடலுக்கு அடியில் படுத்தார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு சுவிட்சை மாற்றினார். பிரேக்கை மிதித்திருப்பதைக் காருக்குச் சொல்வது அதன் வேலையாம். அது சொல்லாவிட்டால் கார் கிளம்பாது. இருபது நிமிடத்தில் எஞ்சின் உயிர்பெற்றது. தெரு கை தட்டியது.

வாசற்படியில் நின்ற வைதேகி கேட்டாள்: "அண்ணே, இது எத்தன நாளா இருக்கு?"

காய்ச்சல், இருமல் என்று தன் மருந்து ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் தினமும் கேட்கிற கேள்விதான். குரலில் வேறொன்றும் இல்லை.

அவர் கருவியைப் பார்த்தார். "ஒம்பது நாளா இருக்கு மேடம். போன வெள்ளிக்கு முந்துன வெள்ளி மொதத் தடவ காட்டிருக்கு. அப்புறம் மூணு நாலு தடவ வந்து வந்து போயிருக்கு. மஞ்ச லைட்டு எரிஞ்சிருக்குமே... யாரும் பாக்கலயா?"

ஒன்பது நாள். தரகர் வைதேகியின் போட்டோவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை.

அருண் சொன்னான்: "நான் பாத்தேன். கொஞ்ச நேரத்துல அணைஞ்சிருச்சு. சரின்னு விட்டுட்டேன்."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். "ஏலே, மில்லுல லைட்டு எரிஞ்சாலும் இப்படித்தான் விட்ருவியா?"

வைதேகி உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா மட்டும், "சரிங்கம்மா, எஃப்.ஐ.ஆர். தேவையில்ல" என்று கும்பிட்டு வழியனுப்பினார்.

அன்று மாலையே அக்கா போன் செய்து சம்மதம் சொல்லிவிட்டாள். "ரொம்ப சந்தோசம்மா" என்றார் வைதேகியின் அப்பா. "பாப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

மூன்று வாரமாகிறது. பதில் வரவில்லை. அக்கா போனைப் பூஜையறை வரைக்கும் கொண்டுபோகிறாள். தகவலுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்?

இதை என் பத்திரிகைப் பத்தியில் எழுதலாமா என்று கேட்க நேற்று நான் வைதேகியை அழைத்தேன். எழுதக் கூடாது என்றால் விட்டுவிடுவதாகவும் சொன்னேன். அன்று என் அக்காவை நான் தடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

"லைட்டப் பாத்தத அவரு ஒளிக்காமச் சொன்னாரு. அது எனக்குப் பிடிச்சிருந்தது, ஆன்ட்டி. ஆனா தெரிஞ்சு வச்சுக்கிட்டே, அவிய அம்மா பேசுனதையும் கேட்டுக்கிட்டே, அம்புட்டு நேரம் சும்மாதான நின்னாரு? ரெண்டையும் வச்சுத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

"எழுதட்டுமா?"

"எழுதுங்க" என்றாள். "முடிவாயிட்டதா மட்டும் எழுதிறாதீங்க."