அக்கா கேட்ட ஹேண்ட் பிரேக்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலிகள் அக்காவுடையவை. தலைக்கு மேலே இருக்கும் கெமா என்கிற இந்தக் கூடாரமும் அவருடையதுதான். இரண்டையும் ஏற்றி வந்த பழைய பிக்கப் வெளியே மேட்டில் நிற்கிறது. உங்களில் பாதிப் பேருடைய கல்யாணமும், பிள்ளைகளின் காதுகுத்தும், வீட்டுப் பெரியவர்களின் காரியமும் இந்தக் கூடாரத்துக்குக் கீழேதான் நடந்தன. அதனால் அக்காவை உங்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

அக்காவின் பக்தியையும் பொறுமையையும் பற்றி எழுதச் சொன்னார் சின்னக்கா. பக்தி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பொறுமை எங்கே இருந்தது? நாற்காலியைக் கோணலாக அடுக்கியதற்காக, கோயில் வாசலில், அர்ச்சகர் காதில் விழும்படி என்னைத் திட்டியவர் அவர். நான் அவருடைய வண்டியின் பின்சக்கர பிரேக்கைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் சின்னக்கா முறைத்தார். நினைவு மலரில் யாராவது பிரேக்கைப் பற்றி எழுதுவார்களா என்று கேட்டார். அக்காவைத் தெரிந்தவர்கள் எழுதுவார்கள்.

அக்கா பிறந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருவை ஒட்டிய ஒரு தோட்டத்தில். அப்பா வேலை தேடிக் குடும்பத்தோடு பினாங்குத் தீவுக்கு வந்து சுங்கை பினாங்கில் குடியேறினார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர் என்பதால் அக்காவின் படிப்பு பாதியில் நின்றது. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்து, என்னையும் சின்னக்காவையும் படிக்க வைத்தார். இதை யாராவது மேடையில் பாராட்டிப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். நன்றி சொல்கிற வேலையெல்லாம் அவருக்கு ஆகாது.

மாமாவைக் கட்டிய பிறகுதான் கெமா, நாற்காலி வாடகைத் தொழில் அவர் கைக்கு வந்தது. மாமா வண்டி ஓட்டுவார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனில் எல்லாரையும் அதட்டுவார். இருவரும் அப்படித்தான் சந்தோஷமாக இருந்தார்கள். மாமா திடீரென்று மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது, ஒரே மகள் கவிதா பள்ளி மாணவி. பிக்கப்பை விற்றுவிடு, பொம்பளையால் இதெல்லாம் முடியாது என்று அன்றைக்கே நான்கு பேர் சொன்னார்கள்.  காரியம் முடிந்ததும் அக்கா லைசென்ஸ் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் வந்தது, மேடு ஒன்றைத் தவிர. சோதனைத் திடலில் ஒரு செயற்கை மேடு இருக்குமே, அதில் பாதியில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்னால் நழுவாமல் மறுபடி ஏற்ற வேண்டும். அக்கா முதல் தடவை பின்னால் உருண்டு வந்துவிட்டார். அடுத்த தடவையும் உருண்டார். அதற்குப் பிறகு ஹேண்ட் பிரேக்கின் மேல் அவருக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது. லைசென்ஸ் கிடைத்த பிறகு, சமதரையில் நிறுத்தினாலும், அது கடகடவென்று கடைசிப் பல் வரை ஏறும்படி இழுத்துவிட்டுத்தான் இறங்குவார். நாங்கள் சிரிப்போம். "மேட்டுல நின்னு பாத்தவளுக்குத்தான் தெரியும்" என்பார்.

இனி பிரேக் கதைக்கு வருகிறேன்.

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கத்துச் சாலைகள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு நாள், ஒரு சாவு வீட்டுக்கு நாற்காலி கேட்டு ஃபோன் வந்தது. கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஆயிரம் சட்டம் பேசுகிற அக்கா, சாவு வீட்டுக்கு முடியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வண்டி நிறைய பாரம் ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குள்ளே ஓட்டிப் போனார். தண்ணீரைக் கடந்து சந்திப்புக்கு வந்து பிரேக்கை மிதித்தால், முன்பக்கம் பிடிக்கிறது, பின்பக்கம் பிடிக்கவில்லை. ஏற்றியிருந்த பாரம் தள்ளிக்கொண்டு போக, வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி, ஓரத்தில் மூடிக் கிடந்த மீ நூடுல்ஸ் விற்கும் ஒரு கடையின் தள்ளுவண்டியில் போய் இடித்து நின்றது. நல்ல வேளை, யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. அக்கா இறங்கிப் பார்த்தார், மறுபடி ஏறினார், ஊர்ந்து ஊர்ந்து சாவு வீட்டுக்குப் போய், நாற்காலியெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் எனக்கு ஃபோன் செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கூடினோம். கவிதா அழுதாள். அப்பாவும் இல்லை, உனக்கும் ஒன்று ஆகிவிட்டால் நான் எங்கே போவேன் என்று கேட்டாள். சின்னக்கா வண்டியை வாங்க ஆள் பார்த்தே வந்திருந்தார். நானும் விற்றுவிடலாம் என்ற கட்சிதான். அக்காவுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு. எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் அவர் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"என் கண்ணு சரியா பாத்துச்சு தம்பி. காலு சரியா மிதிச்சிச்சு. நிக்காம போனது பிரேக்குலா. அத மாத்து, என்ன மாத்தாத."

அக்காவுக்கு அந்த வண்டி வெறும் தொழில் இல்லை. மாமா போன பிறகு யார் கையையும் எதிர்பார்க்காமல் நின்ற கால் அது. அதை எடுத்துவிட்டால் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போடுவோம், அவ்வளவுதான். அவருக்கு அது தெரியும். எங்களுக்கும் தெரியும். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. பிரேக்கை மாற்றிப் பார்ப்பது, அதன் பிறகும் எங்களுக்கு நம்பிக்கை வராவிட்டால் அக்கா வாயைத் திறக்காமல் சாவியைக் கொடுத்துவிடுவது.

ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் செல்வமணி அண்ணன் மாமாவின் கூட்டாளி. அவர்தான் அந்த வண்டியை எப்போதும் பழுது பார்க்கும் போமென். பழைய பிரேக்கைக் கழுவிப் புதுக் கட்டை போட்டால் போதும், வண்டி நன்றாகத்தான் நிற்கும் என்று அவர் சொன்னார். அக்கா, அடுத்த வருஷம் வெள்ளம் வராதா என்று கேட்டார். வரும் என்றார் அண்ணன். உள்ளே தண்ணீர் போகாதா? போகும். அப்படியானால் வேண்டாம் என்று முடித்துவிட்டார் அக்கா.

விஷயம் தெரியாத நம் வீட்டுப் பெண்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பழைய பிக்கப்பில் பின்சக்கரத்தில் இருந்தது டிரம் பிரேக். அது ஒரு மூடின சட்டி மாதிரி. உள்ளே இரண்டு கட்டைகள் விரிந்து சட்டியைப் பிடிக்கும். தண்ணீர் உள்ளே போய்விட்டால் லேசில் வெளியே வராது. டிஸ்க் பிரேக் என்பது திறந்த தட்டு. காலிப்பர் என்ற ஒரு கவ்வி அதை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கும். ஈரமானாலும் தட்டு சுற்றுகிற சுற்றில் உதறிவிடும். டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட முடியும். ஆனால் சட்டியோடு அதற்குள் இருக்கும் ஹேண்ட் பிரேக்கும் போய்விடும்.

செல்வமணி அண்ணன் பட்டறையில் கைவசம் வைத்திருந்த காலிப்பர்களில் ஹேண்ட் பிரேக் இழுக்கும் லீவர் இல்லை. கியரில் போட்டு நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைத்தால் போதாதா என்று அவர் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார். அக்கா பட்டறை நடுவில் நின்று, கல்லைத் தூக்கிக்கொண்டு திரிகிற வயதா எனக்கு என்று ஆரம்பித்து, மாமா காலத்துக் கணக்கெல்லாம் இழுத்துவிட்டார். ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டி தனக்கு வேண்டாம் என்பது அவருடைய முடிவு.

அதனால் ஜுருவுக்குப் போனோம். நான் வேலை செய்வது அந்தப் பக்கம்தான். வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த வண்டிகளைப் பாதியாக வெட்டிக் கொண்டு வந்து சாமான் விற்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. கடை முதலாளியான தவுக்கே ஒருவர் எங்களை மலை போல் குவிந்த பின்சக்கர அச்சுகளுக்கு நடுவில் கூட்டிப் போனார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எண்ணெய்த் தரையில் நடந்து, ஒவ்வொரு காலிப்பராகத் திருப்பிப் பார்த்தார். நடுவில் நிமிர்ந்து, நாம் இருந்த தோட்டத்து லய வீடு இங்கேதான் எங்கேயோ இருந்திருக்க வேண்டும் என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள், "இந்தத் தட்டுல துரு, வேறே காட்டச் சொல்லு" என்று அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். பிறந்த ஊருக்குப் போய் பிரேக் சாமான் வாங்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் எங்கள் அக்காவாகத்தான் இருப்பார். லீவர் வைத்த ஒரு ஜோடி கடைசியில் கிடைத்தது. தவுக்கே விலையைக் குறைத்தது அக்காவின் மலாய்ப் பேச்சுக்குப் பயந்து என்றுதான் நான் நினைக்கிறேன்.

அனுமதித் தாள்களை எல்லாம் முறைப்படி வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். தட்டும் காலிப்பரும் ஏறிவிட்டன. அடுத்து பிரேக் எண்ணெய்க் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அக்கா ஸ்டியரிங் முன்னால், செல்வமணி அண்ணன் வண்டிக்கு அடியில், நான் பிரேக் எண்ணெய்ப் போத்தலோடு. அவர் அடியிலிருந்து மிதிக்கச் சொல்வார், அக்கா மிதிப்பார். பிடிக்கச் சொல்வார், பிடிப்பார். விடச் சொல்வார், விடுவார். மத்தியானம் வரைக்கும் இதே பாட்டு. எண்ணெய் தீரத் தீர நான் கடைக்கு ஓடினேன். பெடல் மட்டும் பஞ்சு மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அக்காவின் முட்டி வீங்கிவிட்டது. சாயங்காலம் செல்வமணி அண்ணன் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, இது சரிப்படாது போலிருக்கிறது, பழையதையே மாட்டிவிடலாம் என்றார்.   வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா சாவியைக் கைக்குள்ளே மூடி வைத்திருந்தார். 

காலையில் பட்டறைக்குப் போனதும் அக்கா கேட்டது ஒன்றுதான். எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக் கேபிளையாவது மாட்டிக் காட்டுங்கள், அது எப்படிப் பிடிக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார். பாவம், ஆசைக்குக் கேட்கிறார் என்று அண்ணன் அடியில் படுத்தார்.  பிறகு தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கேபிளை மாட்ட வேண்டிய லீவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வலது பக்கத்துக் காலிப்பரை இடது பக்கத்திலும், இடதை வலதிலும் மாட்டியிருந்தோம். அதனால்தான் காற்று வெளியேற வேண்டிய துவாரம் மேலே இருப்பதற்குப் பதில் கீழே இருந்தது. காற்று எப்போதும் மேலே போய்த்தானே நிற்கும்? நாள் முழுக்க மிதித்திருந்தாலும் வந்திருக்காது.

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "செருப்ப மாத்திப் போட்டுட்டு நடக்கல நடக்கலன்னா எப்படிண்ணே?" என்று கேட்டார். இடம் மாற்றி மாட்டினோம். கொஞ்சம் மிதித்ததுமே பெடல் கல் மாதிரி நின்றது. வண்டிச் சோதனையிலும் தேறியது. ஹேண்ட் பிரேக் வேண்டாம் என்று சொன்ன போமெனைப் பற்றி அக்கா அதற்குப் பிறகு போன கல்யாண வீட்டிலெல்லாம் சொன்னார். செல்வமணி அண்ணனே பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்திருக்கிறார்.

எங்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் அல்லவா? நாற்காலியை முழுப் பாரமாக ஏற்றி, என்னையும் கவிதாவையும் உட்கார வைத்து, அக்கா ஆயர் ஈத்தாம் பக்கம் ஓட்டினார். அங்கே ஒரு செங்குத்தான மேட்டில், பாதியில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துச் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கவிதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வண்டி அசையவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்து போனான்.

"இப்ப சொல்லு தம்பி. விக்கணுமா?"

வேண்டாம் அக்கா என்றேன். கவிதா கண்ணைத் திறக்காமலே வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அக்கா ஓட்டிய வருஷங்கள்தான் நீங்கள் பார்த்த வருஷங்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு முதல் ஆளாக வந்து நிற்பது அந்த பிக்கப்தான். வெள்ளம் வந்தாலும் வண்டி நிறுத்தின இடத்தில் நின்றது. அக்காவின் வாயும் கடைசி வரைக்கும் நிற்கவில்லை. உடம்பு மெலிந்ததை வெயில் என்று சொல்லி மறைத்தார். புற்று என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. அப்போதும் சிகிச்சைக்கு நடுவில் இரண்டு சாவு வீடுகளுக்கு நாற்காலி கொண்டு போய்ப் போட்டவர் அவர்.

கடைசியாக மருத்துவமனைக்குப் போனபோது நான் ஓட்டினேன். காரில் போகலாம் என்றால் கேட்கவில்லை, பிக்கப்பில்தான் வருவேன் என்றார். பக்கத்து சீட்டில் பெல்ட்டுக்குள்ளே சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவருடைய வலது கால் தரையை மிதித்தது. மருத்துவமனை வாசலில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. அங்கே நிறுத்தினேன். நான் கையை நீட்டுவதற்குள் அக்காவின் கை வந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தது. எலும்பும் தோலுமான கை. கடைசிப் பல் வரை இழுத்தார். "இப்ப எறங்கலாம்" என்றார்.

அக்காவை வார்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்தேன். அவர் இழுத்த ஹேண்ட் பிரேக்கை இறக்க எனக்குக் கை வரவில்லை. வாசலில் காவல் நிற்கும் ஜாகா வந்து, அண்ணே, வழி அடைபடுகிறது, வண்டியை எடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். அழுதுகொண்டே இறக்கினேன். அக்கா அந்த மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பவில்லை.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும், இரவும் பகலும் துணையிருந்த அடுக்குமாடி அண்டை வீட்டார்களுக்கும், இறுதிச் சடங்குக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், மலர் வளையம் அனுப்பிய ஜுரு தவுக்கேவுக்கும், இன்றும் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் செல்வமணி அண்ணனுக்கும், தூரம் பாராமல் வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. நன்றி சொல்வது அக்காவுக்குத்தான் பிடிக்காது, எங்களுக்குப் பிடிக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் நாற்காலிகளைக் கோணலில்லாமல் அடுக்கிவிட்டுப் போங்கள். பிக்கப்பை இப்போது கவிதா ஓட்டுகிறாள். கிளம்பும்போது ஹேண்ட் பிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். பின்னால் வண்டியில் காத்திருப்பவர்கள் தயவுசெய்து ஹார்ன் அடிக்க வேண்டாம்.