சிவப்பு டேப்பின் உயரம்

என் கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களிலும் ஒரே மட்டத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். கல்யாண வீடுகளில் பார்க்கிறவர்கள், உடைந்த கால்களை ஒட்டி வைத்து ஓட்டுகிறேன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். அந்த மட்டம்வரை கால்களை நீட்டி நிறுத்தினால் லென்ஸ் தரையிலிருந்து நாலரை அடியில் இருக்கும். அது ஓர் அம்மாவின் கண் உயரம்.

அவருடைய மகன் என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பட்டாளத்துக்குப் போன பன்னிரண்டாம் வருஷம், திருச்சி விமான நிலையத்திலிருந்து ராணுவ வண்டியில், கொடி போர்த்திய பெட்டிக்குள் ஊர் வந்தான். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் அவன் ஊர். வீடியோ எடுக்க வரச் சொன்னது அவன் அப்பா. போய் இறங்கினால், வாசல் முழுக்கத் தூக்கிப் பிடித்த செல்போன்கள். பெட்டியோடு செல்பி எடுத்த ஒருவனின் கையைத் தட்டிவிட்டேன், சண்டைக்கு வந்தான். அதற்கு எனக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. பத்து வருஷமாக "மாலையை இன்னொரு தடவை போடுங்க, இங்கிட்டுப் பாருங்க" என்று ஆட்களை ஏவிப் பிழைப்பவன் நான்.

பெட்டியோடு வந்த சுபேதார் திருநெல்வேலிக்காரர். அம்மாவும் சுடுகாட்டுக்கு வரலாம், மரியாதை செய்வதைப் பார்க்கலாம் என்று சொன்னார். அப்பாவின் பங்காளி ஒருவர், ஊரில் பெரிய மனிதர், தோளில் துண்டோடு குறுக்கே வந்தார். "பொம்பளைக கம்மாக்கரைத் திருப்பத்தோட நின்டுக்கிறணும். நம்ம ஊருல அதான் வழக்கம்." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நாட்டின் எல்லையில் நிற்க ஒருவனைப் பெற்றுக் கொடுத்தவள் ஒரு கண்மாய்க் கரையைத் தாண்டக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும்தான் வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மா அழுகிற பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து நேரே என்னிடம் வந்தார். ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இத எறக்க முடியுமாப்பா?"

"முடியும்மா."

"எறக்கு. இன்னுங் கொஞ்சம்." பக்கத்தில் நின்று, தன் கண்ணுக்கு நேராக லென்ஸ் வந்ததும் "ம், போதும்" என்றார். "அவன் கால்மாட்டுல இத வையி. நான் வந்திருந்தா அங்கதான் நிப்பேன். கிட்டக்கப் போயி யாரு மூஞ்சியவும் புடிக்காத. நடுவுல வெட்டாத. யாராச்சும் மறைச்சா மறைக்கட்டும். நான் நின்டாலும் மறைக்கத்தானே செய்வாக."

பையிலிருந்த டேப்பை எடுத்து அந்த இடத்தில் அப்போதே சுற்றினேன்.

அந்த அம்மா கண்மாய்க் கரைத் திருப்பத்தோடு நின்றுகொண்டார். சுடுகாட்டில் அவன் கால்மாட்டுக்கு நேராகப் பத்தடி தள்ளி ஸ்டாண்டை வைத்தேன். உடனே எனக்கும் பெட்டிக்கும் நடுவில் கூட்டம் புகுந்துவிட்டது. லென்ஸில் சட்டை முதுகுகளைத் தவிர எதுவும் இல்லை. டிவிக்காரர்கள் சுவரில் ஏறி நின்றார்கள். அதில் எனக்குத் தெரிந்த ஒருவன், "என்னண்ணே, முதுகு எடுக்கவா புதுக்கோட்டையிலேருந்து வந்தீக?" என்றான். "ஒன் சோலியப் பாருடா" என்றேன். ஸ்டாண்டின் கால்களை ஒன்றரை அடி தூக்கினால் எல்லாமே தெரியும். கால்களை இறுக்கும் பூட்டில் இரண்டு தடவை கை வைத்தேன். தூக்கினால் அது என் உயரம். தூக்காவிட்டால் அந்த அம்மாவுக்கு மகனின் கடைசி மரியாதை கிடையாது.

கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வந்த சுபேதார் என்னைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு தாழ்த்தி வச்சிருக்கீய?"

"அவங்கம்மா ஒசரம் சார். அவங்க நிக்கிற மாதிரி வைக்கச் சொன்னாங்க."

அவர் டேப்பைப் பார்த்தார். திரும்பி, முரட்டுக் குரலில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா பாக்காங்க. வழி விடுங்க."

முன்னால் நின்றவர்கள் அம்மாவைத் தேடித் திரும்பினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது ஒரு ஸ்டாண்டும் கேமராவும்தான். ஆனாலும் விலகினார்கள். ஒவ்வொரு செல்போனாகக் கீழே இறங்கியது. ஸ்டாண்டிலிருந்து பெட்டிவரைக்கும் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு மண் தெரிந்தது. கடைசியாக விலகியவர் அந்தப் பங்காளி. லென்ஸைப் பார்த்ததும், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சாமிக்கும் கலெக்டருக்கும் மட்டும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று முறை சுட்டார்கள். கொடியை மடித்து அப்பாவின் கையில் கொடுத்தார்கள். எரியூட்டும்வரை அந்த வழியை ஒருவரும் குறுக்கே கடக்கவில்லை. கேமராவுக்குப் பின்னால்தான் நான் எப்போதும் நிற்பேன். அன்று நிற்கக் கூச்சமாக இருந்தது. வேறு யாரோ நிற்கிற இடம் போல. ஓரடி தள்ளியே நின்றேன்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். எதையும் வெட்டவில்லை, பாட்டுச் சேர்க்கவில்லை. முதல் ஆறேழு நிமிஷம் வெறும் முதுகுகள். அந்த அம்மா அதையும் கண் எடுக்காமல் பார்த்தார். பிறகு முதுகுகள் திரும்பின. ஊர் ஜனம் அவர் முகத்தைப் பார்த்து விலகியது.

"என்னையப் பாத்தா வெலகுறாக?"

"ஆமாம்மா."

பங்காளி வந்த இடத்தில் திரும்ப ஓட்டச் சொன்னார். "துண்ட எடுத்துட்டாரே" என்றார். பிறகு கடைசிவரை பார்த்தார். புகையோடு படம் நின்றதும் என் பக்கம் திரும்பி, வெளியூர் போய் வந்த களைப்பைச் சொல்வது போலச் சொன்னார்: "நான் போயிட்டு வந்துட்டேன்ப்பா."

நான்கு வருஷமாகிவிட்டது. போன வாரம் ஒரு வளைகாப்பில் டேப்பின் ஓரம் பிரிந்து தொங்குவதைப் பார்த்தேன். பழையதை உரிக்கவில்லை. அதன் மேலேயே புதிதாகச் சுற்றிவிட்டு, ஸ்டாண்டை என் உயரத்துக்குத் தூக்கினேன்.