என் தலையைத் தொடாத முதலாளி

மாத்தளையில் மிளகு வாங்கி விற்பவர்களில் என்னைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் போன வாரம் கடை திறந்தவராக இருக்க வேண்டும். மூன்று லொறி ஓடுகிறது. எழுத வருவது என் பெயர் மட்டும். அதையும் மீசை முளைத்து வெகுகாலம் கழித்து, வழக்கு வந்தபோது கோட்டில் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் பழகினேன்.

அதுவரை நாவுலப் பக்கம் ஒரு முதலாளியின் மாட்டுக் கொட்டிலில் கிடந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் தாயும் தகப்பனும் செத்தபோது சின்னப் பிள்ளையான என்னைத் தூக்கி வந்தவர் அவர். சம்பளம் கிடையாது. கேட்டைத் தாண்டினால் அடி. இரண்டு முறை ஓடினேன். இரண்டு முறையும் அவருடைய ஜீப்பிலேயே திரும்பினேன். மூன்றாம் முறை கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து மாத்தளைக்கு வந்து, ஒரு லோயரின் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வேறு எவனுக்கு அந்தத் துணிச்சல் வரும்?

லோயர் வழக்குப் போட்டார். முதலாளி சத்தம் போடவில்லை. வெள்ளை வேட்டியில் வந்து கை கூப்பினார்.

"இவன் நான் வளர்த்த மகன். புத்தி கொஞ்சம் பேதலிச்சிருக்கு. வீட்டுக்கு அனுப்பி வைங்க ஐயா, நான் பார்த்துக்கிறேன்."

நீதவான் அதை நம்பினால் அன்று மாலையே நான் கொட்டிலில் இருப்பேன். சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் வரவில்லை. வழக்கின் ஒவ்வொரு தவணைக்கும் அவருடைய ஜீப் கோட்டுக்கு எதிரே மர நிழலில் நிற்கும். டிரைவர் என்னைப் பார்த்துக்கொண்டே பின்கதவைத் திறந்து வைப்பான்.

கடைசித் தவணையில் லோயருக்குக் கேள்வியைக் கொடுத்தது நான்தான்.

"ஐயா, வருஷப் பிறப்புக்கு என் தலையில எண்ணெய் வைக்கிறது யாருன்னு கேளுங்க."

"எதுக்கு தம்பி அது?"

"கேளுங்களேன்."

எங்கள் பக்கம் அன்று வீட்டுப் பெரியவர் பிள்ளைகள் எல்லோருடைய உச்சந்தலையிலும் தன் கையால் எண்ணெய் தேய்ப்பார். லோயர் கேட்டார்.

"நான்தான். வருஷா வருஷம் இந்தக் கையாலதான்," என்றார் முதலாளி.

"அப்படின்னா இந்தத் தம்பி உச்சியில என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், மயிர்தான்."

கோட்டில் சிரித்தார்கள். நீதவான் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குனிந்தேன். பிறந்ததிலிருந்து என் உச்சியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முண்டு முடிக்குள் மறைந்திருக்கிறது. அவர் பேனாவை வைத்துவிட்டு விரலால் தடவினார். விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"நீங்க விரும்பின இடத்துக்குப் போகலாம்," என்றார். என்னை 'நீங்க' என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

லோயர் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். வெளியே படியில் முதலாளி சிரித்தபடி வந்து என் தலையில் கை வைத்தார். விரல்கள் மெல்லத் தேடின. முண்டைக் கண்டதும் அழுத்தின.

"இங்கதானா? சரி. இனி மறக்க மாட்டேன்."

அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அந்த ஜீப்பை இப்போது அவருடைய மகன்கள் ஓட்டுகிறார்கள். போன மாதம் அது என் கடைக்கு எதிரே வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. பின்கதவு மட்டும் திறந்திருந்தது. நான் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்குப் பயமென்று ஒன்று கிடையாது, அதை மாத்தளையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

சலூனுக்கு மட்டும் போவதில்லை. முடியை நானே வெட்டிக்கொள்கிறேன்.