அப்பாவுக்கு மட்டும் கிடைத்த விசா

என் தம்பி அமெரிக்காவில் சான் ஹோசே நகரத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறான். அவன் அக்கா நான், ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் நிலக்கடலை பயிரிட்டுக்கொண்டு, இரண்டு மாடுகளோடு தனியாக இருக்கிறார். அம்மா இறந்து நான்கு வருடம் கழித்து, நீங்கள் இரண்டு பேரும் ஒருமுறை வந்தே ஆகவேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான்.

ஊர் எப்படி என்று அப்பா கேட்டார். வருடம் முழுக்க நல்ல வெயில் அடிக்கும் என்று தம்பி பெருமையாகச் சொன்னான். அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டு, “வெயிலுக்காவா அவ்ளோ தூரம் போவறது பாப்பா?” என்றார்.

ஆனாலும் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பையனைப் பார்க்க ‘ஓசே’ போகிறேன் என்று சொல்லிவைத்தார். அவர்கள் காதில் அது ஓசூர் என்று விழுந்தது. ஒரு பஸ் ஏறினால் ஆயிற்று, இதற்கு ஆறு மாதமாக என்ன ஏற்பாடு என்று ஒருவர் தெலுங்கில் கேட்டாராம். அப்பா திருத்தவில்லை.

ஏற்பாடு முழுக்க என்னுடையது. காலையில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் தம்பியை அழைப்பேன். அப்படியே பதினைந்து நாளுக்கும் திட்டம் போட்டு முடித்தேன். கணினி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள், ஓட்டுநர் இல்லாத காருக்கு ஒரு நாள், பெரிய கம்பெனிகளின் வாசலில் நின்று படம் எடுக்க மூன்று நாள். கூட வேலை செய்கிறவர்கள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் சொல்ல முடியவில்லை என்றார்கள். எங்கள் பிரிவில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

விசா நேர்காணல் சென்னையில். அப்பாவுக்கு வழியெல்லாம் பதில் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனேன். இருவரையும் ஒரே கண்ணாடி ஜன்னல் முன்னால் நிறுத்தினார்கள். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, பக்கத்தில் நின்ற பெண் அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். எத்தனை நாள் இருப்பீர்கள் என்பது கேள்வி.

“பதினஞ்சு நாள்னு பாப்பா சொல்லுது. மாடு கெடக்குது. எனக்கு ஒரு வாரம் போதும்.”

நான் சொல்லிக் கொடுத்த பதில் அதுவல்ல. அதிகாரி சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று சொல்லிவிட்டு, திட்டத்தை நாள்வாரியாக ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். எந்தெந்தக் கம்பெனி என்று கேட்டார். வரிசையாகச் சொன்னேன். எதில் என்ன வேலை நடக்கிறது என்பதையும் விளக்கினேன். இங்கே குடும்பம் உண்டா என்றார். இல்லை என்றேன். அப்பாவின் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டார்கள். என்னுடையது, விசா கிடையாது என்று அச்சடித்த ஒரு தாளோடு உடனே திரும்பி வந்தது. நான் சேர்த்து எடுத்துப்போன காகிதக் கட்டைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், வேலூர் வருவதற்குள், நீ இல்லாமல் நான் போகப்போவதில்லை என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். போய்த்தான் ஆகவேண்டும் என்று கோபமாகச் சொன்னேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

மொழி தெரியாதவர் வழியில் விமானம் மாற வேண்டும். சக்கர நாற்காலி கேட்டு வாங்கினால் கடைசிவரை ஒருவர் கூடவே வருவார் என்று தம்பி யோசனை சொன்னான். அதனால், விடிந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு இரண்டு மைல் நடக்கிற மனிதரை பெங்களூரு விமான நிலையத்தில் ஒரு பெண் நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் கூச்சத்தில் நெளிந்து, நான் நடக்கிறேன் தாயி என்று அவளிடம் கன்னடத்தில் கெஞ்சியது எனக்குக் கேட்டது.

சொன்னதற்கு மாறாகப் பதினைந்து நாளும் இருந்துவிட்டுத்தான் வந்தார். விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும் வழியில், அத்திப்பள்ளி நெரிசலில் கார் நின்றபோது, என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஓட்டுநர் இல்லாத காரில் ஒருமுறை போனதாகவும், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் சலிப்பாக இருந்ததாகவும் சொன்னார். அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை. தம்பிக்கு லீவு கிடைக்கவில்லையாம். பகலெல்லாம் அவன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, இவர் அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டிருக்கிறார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அவன் நின்னுகிட்டேதான் சாப்புடறான் பாப்பா. ஒக்கார வெக்கறதுக்கே எனக்கு நாலு நாள் ஆச்சு.”

ஆறு மாதம் தினமும் பேசியிருந்தும் இது எனக்குத் தெரியாது. அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது தெரியும். மறுநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து தம்பியை அழைத்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எந்த வேளைக்குக்கா?” என்றான்.